எட்டு லினக்ஸ் கணினிகளுக்கு ஓர் அரட்டை மென்பொருள்: களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மதிப்பீடு

களுவாஞ்சிகுடியில் நாம் நடத்திவரும் படிப்பறையில் எட்டு மேசைக் கணினிகள் இருக்கின்றன. 2025 ஒக்டோபர் 14 உடன் வின்டோஸ் 10 இற்கான ஆதரவு நிறுத்தப்பட்டபோது, அவற்றுள் ஒன்றுகூட வின்டோஸ் 11 இன் நிபந்தனைகளுக்குப் பொருந்தவில்லை, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி எதிலும் இருக்கவில்லை. எட்டையும் மாற்றி வாங்கும் வசதி எமக்கில்லாததால், இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22 இன் எக்ஸ்எப்சிஇ பதிப்பை எல்லாவற்றிலும் நிறுவினோம். எழுத்து வேலை, அட்டவணை, அச்சிடல், இணையம் ஆகியவை இரண்டு வாரத்திற்குள் கைவந்துவிட்டன. நாங்கள் ஒருவரோடொருவர் செய்தி பரிமாறிக்கொள்ள எந்த மென்பொருளை வைத்துக்கொள்வது என்ற கேள்வி மட்டும் இழுபட்டுக்கொண்டே போனது. அதற்காக ஏறத்தாழ மூன்று மாதம் ஒவ்வொன்றாகப் பாவித்துப் பார்த்தோம். அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

எமது வேலை ஓரிடத்தில் நடப்பதில்லை. எழுவான்கரையில் செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி, பெரியகல்லாறு ஆகிய ஊர்களிலும், மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் மண்டூர், பழுகாமம், வெல்லாவெளி ஆகிய ஊர்களிலும் மாலை வகுப்புகள் நடக்கின்றன. பதினான்கு தொண்டர்கள் இருக்கிறார்கள். குருமண்வெளித் துறையில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஓடாத நாளில் மண்டூருக்குப் போகவேண்டிய ஆசிரியர் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போகவேண்டும். மாரியில் வெள்ளம் வீதியை மூடிவிட்டால் அந்த வழியும் இல்லை. ஆகவே காலை ஏழு மணிக்கு ஒருவர் எழுதும் இரண்டு வரி, பத்து மணிக்குக் கணினியைத் திறப்பவருக்கும், பின்னேரம் கைத்தொலைபேசியில் பார்ப்பவருக்கும், அடுத்த மாதம் புதிதாகச் சேர்பவருக்கும் அப்படியே கிடைக்கவேண்டும். கடந்தகால வினாத்தாள்கள், வரவுப் பட்டியல்கள், பற்றுச்சீட்டுப் படங்கள் ஆகியவையும் அதே இடத்தில் தங்கவேண்டும்.

இதுவரை அவையெல்லாம் ஒரு வட்ஸ்அப் குழுவில் இருந்தன. குழுவை அமைத்தவர் எமது முன்னைய இணைப்பாளர். படிப்பறைக் கணினியில் திறந்திருந்ததும் அவருடைய எண்ணோடு இணைத்த பக்கமே. அவருக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது, போனார். போன இடத்தில் கைத்தொலைபேசியை மாற்றினார், இலங்கை எண்ணை விட்டுவிட்டார், எமது கணினியில் இருந்த பக்கம் வெறும் கியூஆர் குறியைக் காட்டிக்கொண்டு நின்றது. ஏனையோரின் கைத்தொலைபேசிகளில் குழு இருந்தது உண்மைதான். ஆனால் இடம் போதாதென்று பலர் பழைய கோப்புகளை அழித்திருந்தார்கள். மூன்று ஆண்டு வரவுப் பட்டியல்களில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கவில்லை. இதில் அவரிலும் குற்றமில்லை, மென்பொருளிலும் குற்றமில்லை. ஒரு தனி மனிதரின் தொலைபேசி எண்ணில் கட்டிய கணக்கிற்குள் ஒரு பொது அமைப்பின் ஏட்டை வைத்திருந்தது நாங்கள்தான். அந்த இழப்பிற்குப் பிறகு, எந்த மென்பொருளைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, அதிலுள்ள கணக்கு யாருடைய கையில் இருக்கும் என்பதையே.

அந்தக் கேள்வியுடன் மீண்டும் வட்ஸ்அப்பையே முதலில் பார்த்தேன். ஏனெனில் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். பெற்றோர், அதிபர்கள், அச்சகத்தார், முச்சக்கரவண்டி ஓட்டுநர் வரைக்கும் அங்கே இருக்கும்போது அதை விட்டுவிடுவோம் என்று சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. லினக்ஸிற்கென அந்நிறுவனம் தனிச் செயலி எதையும் வெளியிடவில்லை. 2015 ஜனவரியில் அறிமுகமான இணையப் பக்கத்தை உலாவியில் திறப்பதே முறையான வழி. மின்ட்டில் 'வெப் அப்ஸ்' என்றொரு கருவி 20.1 பதிப்பிலிருந்து உடன் வருகிறது. அதில் முகவரியைக் கொடுத்தால் அந்தப் பக்கம் தனிச் சாளரமாகவும் பட்டியலில் தனிச் சின்னமாகவும் அமைந்துவிடுகிறது. இதே பக்கத்தைச் சுற்றி உறைபோட்டுத் தரும் வேறு செயலிகளும் உண்டு. கணக்கின் திறப்பை முன்பின் தெரியாதவர் செய்த உறைக்குள் வைப்பதைவிட, பயர்பொக்ஸை நம்புவது நல்லது என்பது என் எண்ணம். முன்புபோலக் கைத்தொலைபேசி எப்போதும் இணைப்பில் இருக்கவேண்டியதில்லை. நான்கு கருவிகள்வரை இணைக்கலாம். ஆனால் முதன்மைக் கைத்தொலைபேசியை 14 நாட்களுக்கு ஒருமுறையாவது திறக்காவிட்டால் இணைந்த கருவிகள் வெளியேற்றப்படும். நான் தேடிய விடை அந்த ஒரு நிபந்தனையிலேயே கிடைத்துவிட்டது. வெளியாருடன் பேச அது இருக்கட்டும், எமது ஏடு அங்கே இருக்கக்கூடாது என்று தீர்மானித்தோம்.

வைபர், இலங்கையில் இன்னும் பலர் வைத்திருக்கும் செயலி. அதற்கு லினக்ஸ் பதிப்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மூலநிரல் திறக்கப்படாத மென்பொருள். கணக்கும் தொலைபேசி எண்ணில்தான் நிற்கிறது. வளைகுடாவில் இருக்கும் உறவினருடன் பேச இமோவை வைத்திருக்கும் வீடுகள் எம்மூரில் நிறைய. ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் அழைப்புகள் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதே அதற்கு ஒரு காரணம். அது குடும்பத் தேவை. படிப்பறையின் தேவைக்கு இவ்விரண்டையும் மேற்கொண்டு ஆராயவில்லை.

டெலிகிராமை நிறுவிய அன்று அறையில் இருந்த எல்லோருக்கும் பிடித்துப்போனது. காரணம் வெளிப்படை. அதன் கணினிச் செயலி கியூட்டி என்னும் கருவித்தொகுதியைக் கொண்டு நேரடியாக எழுதப்பட்டது; உள்ளே ஓர் உலாவியைச் சுமந்துகொண்டு வருவதில்லை. 4 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள எமது கணினிகளில் திறந்தவுடன் ஓடுகிறது. ஒரு கோப்பு 2 ஜிபி வரை போகும். உயர்தர மாணவர்கள் பலர் வினாத்தாள்களையும் குறிப்புகளையும் அங்குள்ள அலைவரிசைகளிலிருந்தே எடுப்பதால், அவர்களுக்குப் புதிதாக எதுவும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. செயலியின் மூலநிரல் ஜிபிஎல் உரிமத்தில் திறந்திருக்கிறது. ஆயினும் செய்திகளைச் சேமித்துக் கடத்தும் மையக் கணினியான வழங்கியின் மூலநிரல் மூடியே இருக்கிறது. வழக்கமான அரட்டைகளும் குழுக்களும் முனைக்கு முனை மறைகுறியாக்கம், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே வாசிக்கக்கூடிய பூட்டு, பெறுவதில்லை. அந்த மறைகுறியாக்கம் உள்ள 'இரகசிய அரட்டை' லினக்ஸிற்கான இந்தச் செயலியில் இல்லவே இல்லை. பிள்ளைகளின் பெயர், புள்ளி, பெற்றோரின் எண் என்பன நிறைந்த பட்டியல்களை அங்கே வைக்க என் மனம் ஒப்பவில்லை. கணக்கிற்கு இங்கும் தொலைபேசி எண் வேண்டும். மாணவர்களுக்கு வினாத்தாள் அனுப்ப மட்டும் இதை வைத்துக்கொண்டோம்.

சிக்னலைப் பற்றி எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. இலாப நோக்கற்ற ஓர் அறநிறுவனம் அதை நடத்துகிறது. வட்ஸ்அப் பயன்படுத்தும் மறைகுறியாக்க நெறிமுறையே சிக்னலிலிருந்து வந்ததுதான். டெபியன் என்னும் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த 64 பிட் கணினிகளுக்கு அவர்களே மென்பொருள் களஞ்சியம் வைத்திருக்கிறார்கள். மின்ட்டும் அக்குடும்பமே என்பதால் முனையத்தில் சில வரிகளுடன் நிறுவல் முடிந்துவிடுகிறது. இணையத்தில் காணப்படும் பிளட்பக் பொதி ஆர்வலர்கள் செய்தது என்பதையும், களஞ்சியத்திலிருந்து எடுப்பதே சரி என்பதையும் புதியவர்கள் கவனிக்கவேண்டும். 2024 பெப்ரவரியிலிருந்து பயனர் பெயர் வைத்து, தொலைபேசி எண்ணைப் பிறர் காணாமல் மறைக்கலாம். எம்முடைய பெண் தொண்டர்களுக்கு அந்த வசதி உண்மையில் நிம்மதி தந்தது. 2025 இலிருந்து புதிய கணினியை இணைக்கும்போது பழைய செய்திகளையும் கொண்டுவர முடிகிறது. ஆனாலும் பதிவுசெய்ய ஓர் எண்ணும், முதலில் ஒரு கைத்தொலைபேசியும் வேண்டும். இருவர் தனிப்பட்டுப் பேசுவதற்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. எட்டுப் பேர் மாறி மாறி அமரும் ஒரு மேசைக்கு அது வடிவமைக்கப்படவில்லை.

லினக்ஸில் அரட்டை என்றாலே என் வயதினருக்கு நினைவுக்கு வருவது பிட்ஜின். 1998 இல் மார்க் ஸ்பென்சர் அதை கெய்ம் என்ற பெயரில் தொடங்கினார். ஏஓஎல் நிறுவனத்துடனான வணிகப்பெயர்ச் சிக்கலால் 2007 இல் பெயர் மாறியது. யாஹூ, எம்எஸ்என், ஏஐஎம், கூகுள் டோக் எல்லாவற்றையும் ஒரே சாளரத்தில் காட்டிய அந்தக் காலத்தை, மட்டக்களப்பு நகரத்து இணைய நிலையங்களில் மணிக்கணக்கில் காசு கொடுத்து அமர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். இன்று பிட்ஜினைத் திறந்தால் அது நன்றாகவே திறக்கிறது. அதற்கு அப்பால் இருந்த உலகம்தான் இல்லை. எம்எஸ்என் மெசஞ்சர் 2013 இல் ஸ்கைப்புக்குள் மறைந்தது. ஏஐஎம் 2017 டிசம்பர் 15 இலும், யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலை 17 இலும் மூடப்பட்டன. எம்எஸ்என்னை விழுங்கிய ஸ்கைப்பும் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. ஒரு நிறுவனம் தன் வழங்கியை நிறுத்தினால், நாம் எவ்வளவு நல்ல செயலியைத் தேர்ந்திருந்தாலும் அது வெறுங்கூடாகிவிடும். அந்தப் பழைய பிட்ஜினில் இன்றும் உயிரோடு இருக்கும் கணக்கு வகைகளுள் ஒன்று எக்ஸ்எம்பிபி. அதைக் கண்ட அன்றுதான் என் தேடல் வேறு பக்கம் திரும்பியது. நாம் தேர்ந்தெடுக்கவேண்டியது செயலியை அல்ல, செயலிகளும் வழங்கிகளும் ஒன்றோடொன்று பேசும் பொது விதியான நெறிமுறையை என்று புரிந்தது.

நெறிமுறை என்று பார்த்தால் இரண்டு இருக்கின்றன. அவற்றுள் இளையது 2014 இல் தோன்றிய மேட்ரிக்ஸ். மின்ட் 22 ஐ நிறுவியவர்கள் அதன் பட்டியலிலேயே 'மேட்ரிக்ஸ்' என்றொரு சின்னத்தைக் காண்பார்கள். முன்பிருந்த ஹெக்ஸ்சட் என்னும், ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறைக்கான செயலியின் உருவாக்கம் நிறுத்தப்பட்டதால் அந்த இடத்தில் இது வந்தது. தொலைபேசி எண் வேண்டியதில்லை, மின்னஞ்சலைப் போல எவரும் தமக்கென வழங்கி வைத்துக்கொள்ளலாம், ஒரு வழங்கியில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவருடன் பேசலாம். பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்கென இதன்மேல் ஒரு சேவையையே கட்டியிருக்கிறது. அதன் முதன்மைச் செயலியான எலிமென்ட், 2020 வரை ரயட் என்ற பெயரில் இருந்தது. தோற்றத்திலும் வசதியிலும் நான் பார்த்தவற்றுள் நிறைவானது அதுவே. எம்மிடத்தில் அது நிற்காமற் போனதற்கு இரண்டு காரணங்கள். எலிமென்ட்டின் கணினிப் பதிப்பு இலெக்ட்ரோன் மீது அமைந்தது. அதாவது ஒரு குரோமியம் உலாவி முழுவதும் அதற்குள் இருக்கிறது. பயர்பொக்ஸும் லிப்ரே ஒபிஸும் திறந்திருக்கும் 4 ஜிபி கணினியில் மூன்றாவதாக அதைத் திறப்பது, சிறு வள்ளத்தில் இன்னொரு நெல்மூட்டையை ஏற்றுவது போன்றது. மற்றையது மீட்புத் திறவுகோல். புதிய கணினியில் நுழையும்போது அந்த நீண்ட திறவுகோலைக் கொடுக்காவிட்டால், மறைகுறியாக்கிய பழைய செய்திகள் திறக்கமாட்டா. அது பாதுகாப்பிற்காகச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு; ஆனால் எமது தொண்டர்களில் ஐவர் இரண்டு வாரத்திற்குள் அதைத் தொலைத்துவிட்டார்கள். நெக்கோ, பிராக்டல் போன்ற இலேசான மேட்ரிக்ஸ் செயலிகளும் உண்டு. திறவுகோல் பிரச்சினை அவற்றிலும் அதுவேதான்.

ஜாமியை ஒரு வாரம் வைத்திருந்தோம். கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தைச் சேர்ந்த அது வழங்கியே இல்லாமல் கருவிக்குக் கருவி பேசுகிறது. எண்ணம் அழகானது. ஆனால் அனுப்பியவர் கணினியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போன பின்னர் பெறுபவர் கணினியைத் திறக்கும் எம்போன்ற இடத்தில், இருவரும் ஒரே வேளையில் இணைப்பில் இருக்கும் தருணம் அரிது.

மூத்த நெறிமுறை எக்ஸ்எம்பிபி. 1999 இல் ஜெரெமி மில்லர் ஜாபர் என்ற பெயரில் அதை அறிவித்தார். 2004 இல் இணையப் பொறியியல் செயற்குழு அதைத் தரமாக வெளியிட்டது. 2011 இல் திருத்தியது. கணக்கின் பெயர் மின்னஞ்சல் முகவரியைப் போலவே இருக்கும்: முன்னே பயனர் பெயர், பின்னே வழங்கியின் பெயர். எமக்கு இது எவ்வளவு பொருந்தியது என்பதைச் சொல்லவேண்டும். 'இணைப்பாளர்', 'பொருளாளர்', 'மண்டூர் வகுப்பு' என்று பதவிக்கும் இடத்திற்கும் கணக்குகளை உண்டாக்கினோம். ஆள் மாறினால் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் புதியவரிடம் கொடுத்தால் போதும். ஏடு அங்கேயே இருக்கும். எவரும் தம் சிம் அட்டையுடன் அதைக் கொண்டுபோக முடியாது.

கணினிகளில் நாம் நிறுவியது காஜிம். 2004 இலிருந்து வளர்ந்துவரும், பைத்தனில் எழுதப்பட்ட செயலி. மின்ட்டின் மென்பொருள் முகாமையாளரில் பெயரைத் தேடி ஒருமுறை சொடுக்கினால் நிறுவப்படுகிறது. 2022 இல் வந்த 1.4 பதிப்புடன் அதன் முகமே மாறியது. அதற்கு முன் வெவ்வேறு சாளரங்களில் சிதறிக்கிடந்தவை ஒரே சாளரத்தில் அமைந்தன. இடது ஓரத்தில் 'பணிவெளி' என்ற பிரிவுகளை நாமே உண்டாக்கலாம். எழுவான்கரை, படுவான்கரை, கணக்கு என்று மூன்று பணிவெளிகளை வைத்தபோது, அறுபத்தைந்து வயதான எமது மூத்த தொண்டர் சொன்னார்: "தம்பி, நான் எழுதினா நீங்க வாசிக்கணும், அவ்வளவுதான் எனக்கு வேணும். மறுகா அதுக்குப் பேர் என்னவா இருந்தா என்ன?" அவரே இப்போது ஒவ்வொரு நாளும் முதலில் எழுதுகிறார்.

எக்ஸ்எம்பிபியைப் பழையதென்று ஒதுக்குவோர், அதன் நீட்டிப்புகளைக் கவனிப்பதில்லை. 0313 என்ற எண்ணுள்ள நீட்டிப்பு செய்திகளை வழங்கியில் சேமித்துவைத்து, பின்னர் வரும் கருவிக்குக் கொடுக்கிறது. 0280, ஒரே கணக்கில் திறந்திருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் செய்தியின் பிரதியை அனுப்புகிறது. 0363 கோப்புகளை ஏற்றிப் பகிர உதவுகிறது. எமக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஏறத்தாழ இந்த மூன்றுக்குள் அடங்கிவிட்டது. வழங்கியைத் தேர்ந்தெடுப்பவர் இவை இயக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை முதலில் பார்க்கவேண்டும். இல்லாத வழங்கியில் எந்தச் செயலியும் சோபிக்காது.

தமிழ் எழுதுவது பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அரட்டை மென்பொருள்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் தொடாத பகுதி இதுதான். எம்மிடம் தட்டச்சுத் தெரிந்த மூவரும் பாமினி எழுத்துருவில் பழகியவர்கள். பாமினியில் எழுதியதை அரட்டைப் பெட்டிக்குள் ஒட்டினால், எதிரில் இருப்பவருக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியலே தெரியும். ஏனெனில் அது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யுனிகோட்) அன்று. மின்ட்டில் ஐபஸ் உள்ளீட்டு முறையையும் அதற்கான எம்17என் தொகுதியையும் சேர்த்தால், தமிழ்99, ஒலியியல் முறை ஆகியவற்றுடன் இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கிறது. தட்டச்சுப் பழகிய விரல்களுக்கு அதுவே மிகக் கிட்டியது; இரண்டு நாளில் மூவரும் வழமையான வேகத்திற்கு வந்துவிட்டார்கள். ஆனால் உள்ளீட்டு முறை சரியாக இருந்தாலும் செயலி சரியாக நடந்துகொள்ளவேண்டும். நாம் பரிசோதித்த மென்பொருள்களில் ஒன்று, கடைசி எழுத்து இன்னும் முழுமையடையாதபோது 'என்டர்' அழுத்தினால், அந்த எழுத்தை விட்டுவிட்டுச் செய்தியை அனுப்பியது. "வகுப்பு இல்லை" என்று எழுதியவரின் செய்தி "வகுப்பு இல்" என்று போனது. குருமண்வெளித் துறையில் நின்றுகொண்டு அதை வாசித்த ஆசிரியர், வகுப்பு இல்லத்தில் நடக்கிறதா என்று கேட்டு எழுதினார். காஜிமில் மூன்று விசைப்பலகை முறைகளிலும் இது ஒருமுறையேனும் நிகழவில்லை. ஆகவே எந்தச் செயலியையும் நிறுவிய உடனே, மெய்யெழுத்திலும் கொம்பு, காலுள்ள உயிர்மெய்யிலும் முடியும் பத்து வரிகளை வேகமாகத் தட்டி அனுப்பிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தேடலும் அப்படித்தான். தமிழில் சொல் உருமாறும். 'பாலம்' என்று தேடினால் 'பாலத்தில்' அகப்படாது. காஜிமில் 'பால' என்று மட்டும் தட்டினால் பாலமும் பாலத்தாலும் சேர்ந்தே வருகின்றன. இன்னொன்றையும் இங்கே சொல்லிவைக்கிறேன். 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகவும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பழைய பிடிஎப் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய பெயர் தேடலில் சிக்காதபோது காரணம் பெரும்பாலும் அதுதான். பெயர்களை விசைப்பலகையில் புதிதாகத் தட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

மறைகுறியாக்கத்தில் நாம் எடுத்த முடிவைச் சிலர் ஏற்கமாட்டார்கள். எக்ஸ்எம்பிபியில் ஒமிமோ என்னும் முறை உண்டு. சிக்னலின் நெறிமுறையை அடியொற்றியது. முன்பு காஜிமில் தனிச் சேர்க்கையாக இருந்தது, பின்னர் உள்ளேயே அமைந்துவிட்டது. தனிப்பட்ட அரட்டைகள் எல்லாவற்றிலும் அதை இயக்கியிருக்கிறோம். ஆனால் ஒமிமோ, செய்தி அனுப்பப்பட்ட வேளையில் இருந்த கருவிகளுக்கு மட்டுமே திறக்கும். நாளை சேர்க்கும் கணினியால் நேற்றைய செய்தியை வாசிக்க முடியாது. புதிதாக வருபவர் பழைய ஏட்டைப் புரட்ட முடியவேண்டும் என்பதே எமது தேவையாக இருந்தபடியால், பொதுக் குழுக்களில் அதை நிறுத்தி வைத்தோம். கருவிக்கும் வழங்கிக்கும் இடையிலான போக்குவரத்து முழுவதும் டிஎல்எஸ் மறைகுறியாக்கத்துடனேயே செல்கிறது, வழங்கியும் எம்முடையது. பிறருடைய வழங்கியில் கணக்கு வைத்திருந்தால் இந்த முடிவை எடுத்திருக்கமாட்டேன்.

வழங்கி மென்பொருளாகப் புரோசடியைத் தேர்ந்தோம். லுவா மொழியில் எழுதப்பட்ட, மிகச் சிறிதளவு நினைவகத்தில் ஓடக்கூடிய மென்பொருள். வெளியூர்த் தொண்டர்களுக்கென வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய மெய்நிகர் வழங்கியில் ஒன்றும், ஓரமாகக் கிடந்த ஒன்பதாவது பழைய கணினியில் அறைக்குள் மட்டும் இயங்கும் இன்னொன்றுமாக இரண்டு நிறுவினோம். காஜிமில் இரு கணக்குகளையும் ஒன்றாகத் திறந்து வைக்கலாம். நிறுவுபவர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு: புரோசடி செய்திகளை இயல்பாக ஒரு வாரம் மட்டுமே சேமித்துவைக்கும், பகிர்ந்த கோப்புகளுக்கும் அதுவே எல்லை, ஒரு கோப்பு 10 எம்பிக்கு மேல் போகவும் முடியாது. அமைவுக் கோப்பில் இம்மூன்றையும் மாற்றாமல் விட்டால், எட்டாவது நாளிலிருந்து பழையவை ஏட்டிலிருந்து மறையத் தொடங்கும்.

இரண்டாவது வழங்கி எதற்கென்று கேட்டவர்களுக்கு நான் சில திகதிகளை நினைவூட்டினேன். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்து வன்முறையின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் மூன்றும் ஏறத்தாழ ஒரு வாரம் தடுக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அன்று தொடங்கிய சமூக ஊடகத் தடை அம்மாத இறுதிவரை நீடித்தது. வைத்தியசாலைக்கு ஓடியவர்களையும் ஆலயத்துக்குப் போயிருந்த பிள்ளைகளையும் தேடிக்கொண்டிருந்த வீடுகளில் அந்த மணித்தியாலங்கள் எப்படிப் போயின என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். 2022 ஏப்ரல் 3 இலும் ஒரு நாளின் பெரும்பகுதி தடை இருந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு மின்வெட்டு 13 மணித்தியாலம்வரை போனது. எல்லாத் தொடர்பும் ஒரே நிறுவனத்தின் ஒரே செயலியில் தங்கியிருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை நாம் மூன்று முறை கண்டிருக்கிறோம். அறைக்குள் இருக்கும் வழங்கி, இணைய இணைப்பே இல்லாதபோதும், மின்கலத்தில் ரவுட்டர் ஓடும்வரை எட்டுக் கணினிகளையும் பேசவைக்கிறது. படுவான்கரைக்கு அது எட்டாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அழைப்புகளுக்குக் காஜிமை நம்பவில்லை. அதற்கு டினோ இருக்கிறது. ஜிடிகே என்னும் கருவித்தொகுதியைக் கொண்டு எழுதப்பட்ட இன்னொரு எக்ஸ்எம்பிபி செயலி. 2022 இல் வந்த 0.3 பதிப்பிலிருந்து குரல், காணொளி அழைப்புகளும் குழு அழைப்புகளும் உண்டு. எளிமையானது, அழகானது, வசதிகள் காஜிமைவிடக் குறைவு. இரண்டு கணினிகளில் மட்டும் அதை வைத்து, ஞாயிறு கூட்டத்திற்குப் பயன்படுத்துகிறோம். ஒரே கணக்கை இரண்டு செயலிகளிலும் திறக்கலாம், ஒன்றைப் பிடிக்காவிட்டால் ஏட்டை இழக்காமல் மற்றையதற்கு மாறலாம். நெறிமுறையைத் தேர்ந்ததன் பலனை அங்கே நேரில் கண்டோம்.

கைத்தொலைபேசிகளில் கான்வர்சேஷன்ஸ். 2014 இலிருந்து இருக்கும் அண்ட்ராய்ட் செயலி. கூகுள் கடையில் காசு கொடுத்து வாங்கவேண்டும், எப்-டிராய்ட் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐபோன் வைத்திருக்கும் ஒருவருக்கு மொனல். இங்கேதான் அதிக முறைப்பாடுகள் வந்தன. சில கைத்தொலைபேசிகள் மின்கலத்தைச் சேமிக்கப் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடுகின்றன; அறிவிப்பு வராது, திறந்து பார்த்தால்தான் செய்தி தெரியும். அமைப்புகளுக்குள் சென்று மின்சேமிப்பிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்குக் கொடுத்த பிறகு ஒன்பது பேருக்குச் சரியானது, இருவருக்கு இன்னும் தாமதமாகவே வருகிறது. அந்த இருவருக்கும் அவசரச் செய்தியை வட்ஸ்அப்பிலும் போடுகிறோம். குரற்பதிவு அனுப்பியே பழகியவர்கள், வட்ஸ்அப்பில் உள்ள இலகு இங்கே இல்லை என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி.

இன்னொரு குறை முழுக்க எம்முடையது. மெய்நிகர் வழங்கிக்கும் இணையப் பெயருக்கும் வெளிநாட்டு நாணயத்தில் பணம் கட்டவேண்டும். அதற்கு இப்போது பயன்படுவது என்னுடைய வங்கி அட்டை. ஒருவருடைய எண்ணிலிருந்து ஏட்டை விடுவிக்கப் புறப்பட்டு, இன்னொருவருடைய அட்டையில் அதைக் கட்டியிருக்கிறோம். சென்ற மாதக் கூட்டத்தில் இதை நானே எடுத்துச் சொன்னேன். பொருளாளரின் பெயரில் அமைப்பின் வங்கிக் கணக்கோடு சேர்ந்த அட்டை ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அது வரும்வரை, வழங்கியின் கடவுச்சொற்களும் புதுப்பிக்கவேண்டிய திகதிகளும் ஒரு தாளில் எழுதி ஒட்டிய உறையில், வரவுப் பதிவேட்டுடன் அலுமாரிக்குள் இருக்கின்றன; ஒவ்வொரு வெள்ளியும் புரோசடியின் தரவுக் கோப்புறையின் பிரதி ஒரு பென்டிரைவில் மண்டூருக்குப் போகிறது, பாதை ஓடும் நாளென்றால் பாதையில், இல்லையென்றால் பாலத்தால்.